கதவைத் திறந்து பார்த்தவர்

காலை ஆறு மணிக்கு, தொட்டியில் இட்லி மாவு விழுவதற்கு முன்னால், அந்த அக்கா பேக்கிங் இயந்திரத்தை வெறுமனே ஓடவிடுவார். பிளாஸ்டிக் சுருள் மேலிருந்து இறங்கும். அதை ஒட்டி வெட்டுகிற இரண்டு சூடான இரும்புத் தாடைகள் டக், டக் என்று மூடித் திறக்கும். மாவில்லாத காலிப் பைகள் நாலைந்து கீழே விழும். ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நிற்பவர், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்பக்கக் கதவின் கைப்பிடியைப் பிடித்துத் திறப்பார். இயந்திரம் நின்றுவிடும். கதவைச் சாத்திவிட்டு, மேலே தொட்டியருகில் நிற்கும் பெண்களைப் பார்த்து, "ஊத்துங்கத்தா" என்பார். இவ்வளவுதான். தினமும் இதேதான். திருவிழா முடிந்து கண்ணெல்லாம் சிவந்து வந்த நாளிலும் அவர் இதைச் செய்யாமல் மாவை ஊற்ற விட்டதில்லை என்று அங்கே வேலை பார்க்கிற பெண்கள் சொல்வார்கள்.

முதல் தடவை இதைப் பார்த்தபோது நான் சிரித்தேன். அந்த இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தியவர்களில் நானும் ஒருவன். கதவின் மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சென்சார் இருக்கிறது. கதவு திறந்தால் அது தாடைக்குப் போகும் மின்சாரத்தை வெட்டிவிடும், பழுதாகிற சாமானே இல்லை அது என்று எல்லாருக்கும் வகுப்பெடுத்தவனும் நான்தான். "ஏன்க்கா, நேத்து நின்ன மெஷினு இன்னைக்கு நிக்காமப் போயிருமா?" என்று கேலி செய்தேன். அவர் கோபப்படவில்லை. "அடுப்பு எரியுதான்னு பாத்துட்டுத்தானே சார் உலை வைக்கிறோம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு அது பெரிய பதிலாகவும் படவில்லை. படித்தவன் என்கிற மிதப்பு கொஞ்சம் இருந்தது, சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

எனக்கு வேலை, தானாக ஓடும் பேக்கிங் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது. மதுரையைச் சுற்றி எண்பது, நூறு கிலோமீட்டருக்குள் எங்கே ஒரு பால் பண்ணை, மசாலா கம்பெனி, அப்பளக் கம்பெனி இருந்தாலும் என் பைக் ஒரு தடவையாவது அதன் வாசலில் நின்றிருக்கும். எங்கள் தொழிலில் நல்ல சேதி சொல்ல யாரும் போன் செய்வதில்லை. போன் வந்தாலே எங்கோ ஏதோ நின்றுவிட்டது என்று அர்த்தம். சோற்றில் கை வைத்திருக்கும்போது மணி அடித்தால் என் மனைவி தட்டை மூடி வைக்க எழுந்துவிடுவாள். போகிற இடமெல்லாம் நம்மைக் கண்டதும் முகம் மலரும், சரியாகிவிட்டால் அடுத்த நிமிஷமே நம்மை மறந்துவிடுவார்கள். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. மருத்துவரைத் தினமும் நினைத்துக்கொண்டா இருக்கிறோம்?

அந்த அக்காவின் தொழிற்சாலை அலங்காநல்லூர் போகிற சாலையில் இருந்தது. இட்லி மாவு அரைத்துப் பையில் அடைத்துக் கடைகளுக்கு அனுப்புகிற இடம். முதலாளி சிம்மக்கல்லில் தானிய மொத்த வியாபாரம் செய்தவர். அரிசி உளுந்தை அப்படியே விற்பதைவிட அரைத்து விற்றால் என்ன என்று தோன்றி, தோட்டத்துப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் ஆரம்பித்தவர். அக்கா உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரி விவசாயக் குடும்பத்தில் பிறந்து, கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தவர். பத்தாம் வகுப்பு வரை படித்திருந்தார். என்னைவிட இரண்டு வயது சின்னவர்தான், ஆனால் முதலாளியைத் தவிர அங்கே எல்லாருக்கும் அவர் அக்கா. போன இரண்டாவது நாளே எனக்கும் அக்காவாகிவிட்டார். இயந்திரத்தை ஓட்டும் பொறுப்பு முழுக்க அவருடையது. மின்பெட்டியின் சாவிகூட அவர் மேல்கோட்டுப் பையில்தான் இருக்கும். நான் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். அதிகம் கேள்வி கேட்கமாட்டார். ஆனால் எந்த வயர் எங்கே போகிறது என்று அவர் கண்ணுக்குப் பாடம்.

நடந்த கதைக்கு வருகிறேன். வைகாசி மாதம், முகூர்த்தங்கள் வரிசையாக இருந்த வாரம். பைகள் ஓரத்தில் ஒழுகுகின்றன என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பார்ப்பதற்குக் கதவு மூடியிருந்தால் தாடைக்குள் என்ன நடக்கிறதென்று தெரியாது. கதவைத் திறந்தால் இயந்திரம் ஓடாது. இதற்கு எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்கிற வேலை ஒன்று உண்டு. மின்பெட்டிக்குள் இரண்டு இடங்களை ஒரு சாண் மஞ்சள் வயரால் இணைத்துவிட்டால், திறந்திருக்கிற கதவை மூடியிருப்பதாக நினைத்துக்கொண்டு இயந்திரம் ஓடும். பழுதைப் பார்த்து முடித்ததும் வயரைக் கழற்றிவிட வேண்டும். கழற்ற மறந்தால் அந்தக் கதவு வெறும் அலங்காரம். திறந்தாலும் தாடை மூடிக்கொண்டுதான் இருக்கும், நடுவில் கை இருந்தாலும் சரி.

மறக்காமல் இருக்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். வயரைப் போட்டதும் என் கைக்கடிகாரத்தைக் கழற்றி அதிலேயே மாட்டிவிடுவேன். வேலை முடிந்து கிளம்பும்போது மணிக்கட்டு வெறுமையாக உறுத்தும். கடிகாரத்தைத் தேடிப் போனால் வயர் கண்ணில் படும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அது என்னைக் கைவிட்டதில்லை. ஆனால் மாவு அடைக்கிற கூடத்துக்குள் கடிகாரம், மோதிரம், வளையல் எதுவும் போடக்கூடாது. வாசலிலேயே ஒரு எவர்சில்வர் தட்டில் கழற்றி வைத்துவிட வேண்டும். அதற்கு முன் அந்த இயந்திரத்தில் வயர் போடுகிற வேலை எனக்கு வந்ததே இல்லை, அதனால் இதை நான் யோசித்தே பார்க்கவில்லை. அன்று கடிகாரம் தட்டில் கிடந்தது, வயர் தனியாகப் பெட்டிக்குள் கிடந்தது. ஒழுகலைச் சரிசெய்து, மாவும் தீர்ந்து, வேலை அறிக்கைப் புத்தகத்தில் 'இயந்திரம் நன்றாக ஓடுகிறது' என்று எழுதி, அக்காவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். தட்டிலிருந்து கடிகாரத்தை எடுத்துக் கட்டினேன். கட்டியதும் மனசு லேசாகிவிட்டது. கடிகாரம் கைக்கு வந்தால் வயர் கழன்றுவிட்டது என்றுதான் என் மூளைக்குப் பழக்கம். என்னைக் காப்பாற்ற நானே செய்து வைத்த ஏற்பாடு, அன்று என்னை அழகாக ஏமாற்றி அனுப்பிவைத்தது.

மறுநாள் காலை உசிலம்பட்டியில் ஒரு பால் பண்ணை வாசலில் பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தேன். அக்காவின் போன் வந்தது.

"சார், கதவத் தொறந்தாலும் மெஷினு நிக்க மாட்டேங்குது."

நாங்கள் வீட்டில் சௌராஷ்டிர பாஷை பேசுகிறவர்கள். எனக்குப் பதற்றம் வந்தால் வாயில் அதுதான் வரும். என்னமோ சொன்னேன். "என்ன சார்?" என்றார். "ஒண்ணுமில்லக்கா. மெயின் சுவிச்ச அணைங்க, யாரும் கை வைக்க வேணாம்" என்றேன். "அது அப்பவே அணைச்சாச்சு" என்றார். அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். பெட்டியைத் திறந்து அந்த மஞ்சள் வயரைக் கழற்றுங்கள் என்று சொன்னால் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் என் வாய் முந்திக்கொண்டது. "சென்சார்ல தண்ணி போயிருக்கும்க்கா. வாரேன்" என்றேன். கழுவும்போது தண்ணீர் போவது நடக்கக்கூடியதுதான், அதனால் பொய் சொல்கிற உணர்ச்சிகூட இல்லாமல் வந்துவிட்டது. போகிற வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு: அவர் மட்டும் திறந்து பார்க்காமல் மாவை ஊற்றியிருந்தால்? பை ஒட்டிக்கொண்டதும் எந்தப் பெண்ணாவது கதவைத் திறந்து கையை விட்டிருந்தால்? வண்டியை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக முடிந்தது.

நான் போய்ச் சேர்வதற்குள் மாவு பொங்கிவிட்டது. மதுரை வெயிலில் புளித்த மாவு யாருக்காகக் காத்திருக்கும்? தொட்டியின் விளிம்பைத் தாண்டி, படியில் இறங்கி, தரைக்கு வந்துகொண்டிருந்தது. பெண்கள் போணியிலும் வாளியிலும் அள்ளிக்கொண்டிருந்தார்கள். முதலாளி, முகூர்த்தத்துக்கு மாவு சொல்லியிருந்த கல்யாணச் சமையல்காரர்களைப் போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தார். நடுவில் அக்கா, காலி டிரே ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அதற்குள் அங்கே பெரிய வாக்குவாதமே நடந்து முடிந்திருந்தது. பெண்கள் எனக்குப் பிறகு சொன்னார்கள். முதலாளி கெட்டவர் இல்லை, பதறிப்போன மனுஷர். "ரெண்டு மணி நேரம் கதவத் தொறக்காம ஓட்டுனா என்னத்தா? தொறந்தாத்தானே பிரச்சினை?" என்று கேட்டிருக்கிறார். கேட்டால் நியாயமாகத்தான் தெரியும். அதற்கு அக்கா, "தொறக்க மாட்டோம்னு வாய் சொல்லும்ண்ணே, கை கேக்காது. பை ஒட்டிக்கிச்சுன்னா கை தானாப் போயிரும், அம்புட்டுப் பழகிப்போச்சு. இதுகள்ல யாரு கைய நான் தரமுடியும்?" என்றிருக்கிறார். முதலாளி, வேறு ஆளை வைத்து ஓட்டுகிறேன் என்று சொல்லியும் பார்த்திருக்கிறார். அக்கா எழுந்திருக்கவில்லை. அந்த இயந்திரத்தை அமைத்த எனக்குத் தெரிந்ததைவிட, அதன் முன்னால் நிற்கிற கைகளைப் பற்றி அவருக்கு அதிகம் தெரிந்திருந்தது. பாதுகாப்பு பற்றி எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன், இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நான் சாவியை வாங்கினேன். சென்சாரை ஒரு துணியால் துடைத்தேன், சும்மா கண்துடைப்புக்கு. பிறகு பெட்டியைத் திறந்து, முதுகால் மறைத்துக்கொண்டு, வயரைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் தள்ளினேன். இயந்திரத்தை ஓட்டினோம். அக்கா கதவைத் திறந்தார், நின்றது. மூன்று தடவை திறந்தார், மூன்று தடவையும் நின்றது. "என்ன இன்ஜினியரே ஆச்சு?" என்றார் முதலாளி. "சென்சார்ல ஈரம் எறங்கிருச்சுண்ணே" என்றேன்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. சாயங்காலம் வந்து இயந்திரத்தைக் கழுவிவிட்டுப் போகிற அம்மா ஒருவர் இருந்தார். ஒப்பந்தக்காரர் மூலமாக வருகிறவர். புருஷன் இல்லாதவர், கல்லூரியில் படிக்கிற ஒரு மகள் உண்டு என்பது மட்டும் எனக்குத் தெரியும். முதலாளி எங்கள் கண்ணெதிரிலேயே ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டார். "அந்தம்மா தண்ணிய எம்புட்டு அடிச்சு வச்சிருக்கு பாரு, மெஷினே கெட்டுப்போச்சு. இன்னையிலருந்து அதை அனுப்பாத, வேற ஆளு விடு" என்றார். முப்பது விநாடிகூட ஆகியிருக்காது. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். திருப்புளியைப் பைக்குள் வைத்தேன். கையைக் கழுவினேன். பேசவில்லை. என் வாழ்க்கையில் நான் மிகவும் கேவலமாக இருந்த நேரம் எது என்று யாராவது கேட்டால் அந்தக் கை கழுவிய நேரத்தைத்தான் சொல்வேன்.

வாசலுக்கு வந்து வண்டியை எடுக்கப்போகும்போது அக்கா வேலை அறிக்கைப் புத்தகத்தோடு வந்தார். அவசரத்தில் அதை உள்ளேயே விட்டிருந்தேன்.

"இன்னைக்கு என்ன ஆச்சுன்னு எழுதலையே சார்."

"எழுதுறேன்க்கா" என்று வாங்கினேன். பேனாவைத் திறந்தேன். அவர் நகரவில்லை.

"காலைல நான் பெட்டியத் தொறந்து பாத்தேன். மஞ்சக் கலர்ல ஒரு வயரு இருந்துச்சு. நேத்து நீங்க வர்ற வரைக்கும் இல்லாத வயரு. இப்ப நீங்க பாத்துட்டுப் போறப்ப அது இல்ல" என்றார். குரலை உயர்த்தவில்லை. கூடத்துப் பெண்களுக்குக் கேட்கக்கூடாது என்று தணித்துத்தான் பேசினார். "அது என்ன வயருன்னு எனக்குத் தெரியாது சார். தெரியாத ஒண்ண வச்சு அண்ணன்கிட்ட ஒரு ஆளப் பத்தி நான் எப்படிச் சொல்றது? உங்களுக்குத் தெரியும். அந்தம்மா சாயங்காலம் வராதாம்."

சட்டைப்பைக்குள் வயர் குத்திக்கொண்டிருந்தது. எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, பைக் சீட்டின் மேல் புத்தகத்தை வைத்து எழுதினேன். சோதனைக்காகப் போட்ட வயரைக் கழற்ற மறந்தது என் தவறு; சென்சாரில் ஈரம் இல்லை; கழுவியவர் மீது தவறு இல்லை. வேலை போய்விடும் என்றே நினைத்தேன். எழுதி முடித்ததும் அக்கா புத்தகத்தைக் கேட்டார். கையெழுத்துப் போடத்தான் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுத்தேன். அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பேனாவை அழுத்திப் பிடித்து, என் எழுத்துக்குக் கீழே எழுதினார்: 'நேற்று கதவைத் திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டது என் தவறு.' அதற்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டார்.

"அக்கா, நீங்க ஏன்?" என்றேன்.

"காலைல பாக்கத் தெரிஞ்ச எனக்கு, நேத்து நீங்க போறப்ப பாக்கத் தெரியலையே. ஒழுகல் நின்னுச்சேங்கிற சந்தோசத்துல போட்டுட்டேன். வாங்க, போவோம்."

இரண்டு பேரும் உள்ளே போனோம். நான் சொன்னேன், அவர் நின்றார். முதலாளி புத்தகத்தை இரண்டு தடவை படித்தார். என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது, எழுதினாலும் அச்சில் ஏறாது. அத்தனைக்கும் நான் தகுதியானவன்தான். பிறகு அக்காவைப் பார்த்து, "ஒன்ன யாருத்தா எழுதச் சொன்னது?" என்றார். "கையெழுத்து என்னோடதுதானேண்ணே" என்றார் அவர். முதலாளி போனை எடுத்து ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டு, "அந்தம்மாவையே அனுப்பு" என்றார். என் கம்பெனியில் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். மூன்று மாதம் என்னைத் தனியாக எங்கும் அனுப்பவில்லை. வேலை போகவில்லை. அது என் அதிர்ஷ்டம்.

இதெல்லாம் நடந்து சில வருஷங்களாகிவிட்டன. இப்போது அங்கே கொட்டகை போய்க் கட்டடம் வந்துவிட்டது. மூன்று இயந்திரங்கள். மூன்றுக்கும் அக்காதான் மேற்பார்வை. புது இயந்திரங்களில் நாங்கள் பழைய மாதிரி வயர் போட முடியாது. திரையில் ரகசிய எண் கொடுத்தால்தான் கதவு திறந்த நிலையில் ஓடும், பத்து நிமிஷத்தில் தானாக நின்றும்விடும், அதுவரை சிவப்பு விளக்கு சுற்றிக்கொண்டே இருக்கும். அக்கா அதையெல்லாம் கேட்டுக்கொண்டார். காலையில் மூன்று கதவுகளையும் திறந்து பார்ப்பதை மட்டும் விடவில்லை. நான் வேலை முடித்துக் கிளம்பும்போதும் திறந்து பார்த்த பிறகுதான் கையெழுத்து. அப்படிப் பார்க்கும்போது அவர் என்னை ஓரக்கண்ணால் பார்ப்பதில்லை, பழைய கதையைக் குத்திக் காட்டுவதில்லை. என்மேல் சந்தேகம் வந்து பார்ப்பவராக இருந்தால் எனக்கு வலித்திருக்கும். அவர் எல்லாருக்கும் பார்க்கிறார், தன்னையும் சேர்த்து. எனக்குத் தெரிந்த எத்தனையோ இன்ஜினியர்களில் இந்த மாதிரி ஒருவரை நான் கண்டதில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

கழுவுகிற அந்த அம்மா என்னைக் கண்டால் போதும், டீ வாங்கி வரச் சொல்லி ஆள் அனுப்புவார். வேண்டாமென்றால் கேட்கமாட்டார். மரியாதைக்குத்தான் என்று இருந்தேன். போன மாதம் போயிருந்தபோது, மகள் வங்கித் தேர்வில் தேறிவிட்டாள் என்று மிட்டாய் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "அன்னைக்கு நீங்க மொதலாளிகிட்ட எனக்காகப் பேசலைன்னா நான் வேலையில்லாமத்தான் நின்னுருப்பேன் சார். அக்கா சொல்லுச்சு" என்றார். மிட்டாயைப் பிரிக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

உள்ளே போய் அக்காவிடம் கேட்டேன். "ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

அவர் பைகளை எண்ணிக்கொண்டிருந்தார். "நான் என்ன பொய்யா சொன்னேன்? அண்ணன்கிட்டப் பேசுனது நீங்கதானே சார். நான் சும்மா பக்கத்துல நின்னேன்" என்றார்.

வெளியே வந்தேன். அந்த அம்மா வாசல் நடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். படியில் உட்கார்ந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். வயர், ஈரம் என்று நான் சொன்ன பொய், வேலை போனது என்னால்தான் என்பது, பக்கத்தில் நின்று நான் கை கழுவியது. அவர் துடைப்பதை நிறுத்திக்கொண்டு கேட்டார். திட்டப்போகிறார் என்றுதான் காத்திருந்தேன், திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் தோன்றியது.

"இதச் சொல்றதுக்கு இம்புட்டு வருசமா சார்?" என்றார்.

பிறகு துடைப்பானை வாளியில் முக்கிப் பிழிந்துகொண்டு, "காலத் தூக்குங்க, அங்கிட்டும் துடைக்கணும்" என்றார். தூக்கினேன்.